ஜிமேட் ஃப்ரீ ப்ராக்டிஸ் டெஸ்ட்: கோச்சிங்ல காசு கட்டறதுக்கு முன்னாடி இதை எழுதிப் பாருங்க

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துல எம்பிஏவுக்கு ரெடியாகற பசங்க யாரப் பாத்தாலும் கேக்கறது ஒண்ணே ஒண்ணு, அண்ணா கோயமுத்தூர்ல எந்த கோச்சிங் நல்லாருக்கும். நான் சொல்ற பதில், எதுக்கும் இப்ப காசு கட்டாத, மொதல்ல எம்பிஏ டாட் காம்ல ஒரு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணு. ஜிமேட்ங்கற எம்பிஏ நுழைவுத் தேர்வ நடத்தற ஜிமேக் அமைப்பே அங்க ஸ்டார்ட்டர் கிட்னு ஒண்ணு ஃப்ரீயா குடுக்குது, அதுல ரெண்டு முழு ப்ராக்டிஸ் டெஸ்ட் இருக்கு. அதைப் பத்திதான் இந்த ரிவ்யூ. கஞ்சிக்கோட்ல ஷிஃப்ட் வேலை பாத்துட்டே படிச்சவன்ங்கற முறைல எழுதறேன்.

இதோட அருமை தெரியணும்னா கோச்சிங் கதைய கொஞ்சம் சொல்லணும், பேரு வேண்டாம். கோயமுத்தூர்ல வாரக்கடைசி க்ளாஸ் ஒண்ணுல சேந்தேன், சனி ஞாயிறு பஸ் ஏறி போயிட்டு வரணும், பீஸ் மொத்தமா முன்னாடியே வாங்கிட்டாங்க. சேந்த நாள்ல இருந்து சென்டென்ஸ் கரெக்ஷன் (இங்கிலீஷ் வாக்கியத்துல தப்பு திருத்தறது), சென்டென்ஸ் கரெக்ஷன், அது முடிஞ்சா ஜாமெட்ரி, வட்டம், முக்கோணம்னு ஓடிட்டிருக்கு. ஆனா 2023 நவம்பர்ல ஜிமேட் அடியோட மாறிடுச்சு, பழைய பரீட்சை 2024 ஜனவரியோட நின்னே போச்சு, புதுசுல சென்டென்ஸ் கரெக்ஷனும் இல்ல, ஜாமெட்ரியும் இல்ல, கட்டுரை எழுதறதும் இல்ல. இதைக் கேட்டதுக்கு பேசிக்ஸ் ஸ்ட்ராங் ஆகும் தம்பினு சொன்னாங்க. பீஸ திருப்பிக் கேட்டா ரூல்ஸ்ல இல்லைன்னாங்க. தென்னந்தோப்பு வருமானத்துல இருந்து எடுத்துக் கட்டின காசுங்க, இன்னைக்கு நெனச்சாலும் வயிறு எரியுது.

அந்த ஃப்ரீ டெஸ்ட்ட ஒரு தடவ தொறந்து பாத்தாலே இப்ப பரீட்சை எப்படி இருக்குனு தெரிஞ்சு போயிடும். மூணு செக்ஷன், ஒவ்வொண்ணும் 45 நிமிஷம், மொத்தம் ரெண்டேகால் மணி நேரம். க்வான்ட் (கணக்கு) 21 கேள்வி, வெர்பல் (இங்கிலீஷ்) 23, டேட்டா இன்சைட்ஸ் (குடுத்த தகவல், பட்டியல், க்ராஃப் பாத்து பதில் சொல்றது) 20. எதை மொதல்ல எழுதறதுனு நாமளே முடிவு பண்ணிக்கலாம், நடுவுல 10 நிமிஷம் ஒரே ஒரு ப்ரேக். கேள்வி அடாப்டிவ்வா வரும், அதாவது நாம சரியா போட்டா அடுத்தது கஷ்டமா வரும், தப்பு பண்ணினா எளுசா வரும். அச்சடிச்ச மெட்டீரியல்ல இத எந்த ஜென்மத்துலயும் பழக முடியாதுங்க. செக்ஷன் முடிஞ்சதும் நேரம் மிச்சம் இருந்தா திரும்பிப் போய் மூணு பதில் வரைக்கும் மாத்திக்கலாம். தப்புக்கு மார்க் கொறைக்கறதில்ல, ஆனா கேள்விய முடிக்காம விட்டா நல்லா அடி விழும், அதனால கடைசி ரெண்டு நிமிஷத்துல எதையாவது க்ளிக் பண்ணிட்டாவது முடிச்சிடணும். இந்தப் பழக்கம் டெஸ்ட்ல உக்காந்து எழுதினாத்தான் கைக்கு வரும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது டேட்டா இன்சைட்ஸ் தான். அதுல டேட்டா சஃபிஷியன்சினு ஒரு வகை, விடை கண்டுபுடிக்க சொல்லவே மாட்டாங்க, குடுத்த தகவல் போதுமா போதாதானு மட்டும் சொல்லணும். நம்ம ஊர் மாதிரியே ஒண்ணு சொல்றேன். ஒரு லோடுல தேங்காயும் இளநியும் சேத்து 500, தேங்காய் எத்தனை? ஒண்ணாவது தகவல், இளநி தேங்காய விட 100 கம்மி. ரெண்டாவது, தேங்காய்க்கும் இளநிக்கும் விகிதம் 3:2. இதுல பசங்க உடனே பேனாவ எடுத்து 300னு போட்டு முடிச்சு, அடுத்த தகவலுக்கும் அதே மாதிரி கணக்கு போட்டு, மறுபடி 300னு வந்ததும் சந்தோஷப்படறாங்க. போடவே வேண்டாங்க. மொத்தம் தெரியும், வித்தியாசம் தெரியும், அப்ப விடை வந்தே தீரும், விட்டுட்டு அடுத்ததுக்குப் போ. மொத்தம் தெரியும், விகிதம் தெரியும், அதுவும் போதும். தனித்தனியா ரெண்டுமே போதும், அதுக்கான ஆப்ஷன் டி (D). அரை நிமிஷம். கணக்கு போடாம நிறுத்தறதுக்கு மனசு கேக்காது, ஸ்கூல்ல விடை போட்டாத்தான் மார்க்குனு பழகிட்டோம்ல, இத மாத்தறதுக்கே தனியா பயிற்சி வேணும்.

அதே செக்ஷன்ல டேபிள் அனாலிசிஸ்னு வரும், ஸ்க்ரீன்ல ஒரு பெரிய பட்டியல், எந்த நெட்டு வரிசைய வேணாலும் அமுக்கி ஏறுவரிசைல அடுக்கிக்கலாம். கோச்சிங்ல இதையே ஜெராக்ஸ் எடுத்து பேப்பர்ல குடுத்தாங்க, பேப்பர்ல எங்க அடுக்கறது சொல்லுங்க, கண்ணால தேடித் தேடியே நேரம் போயிடும். இன்னொண்ணு, ஒரே கேள்விக்குள்ள மூணு சின்ன கேள்வி இருக்கும், மூணும் சரியா இருந்தாத்தான் மார்க், ரெண்டு சரி ஒண்ணு தப்புனா ஒண்ணுமே கெடையாது. கால்குலேட்டரும் இந்த ஒரு செக்ஷன்ல மட்டும்தான் தருவாங்க, க்வான்ட்ல கை கணக்குதான், அது நம்ம பசங்களுக்கு ஒண்ணும் பெரிய விஷயமில்ல.

வெர்பல் பத்தி தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கம் பத்தாவது வரைக்கும் தமிழ்லயே படிச்சு வந்தவங்க நெறைய, நானும்தான். சென்டென்ஸ் கரெக்ஷன் போனது நமக்கு உண்மையிலயே பெரிய நிம்மதி, ஏன்னா இங்கிலீஷ் காதுல விழுந்து வளந்தவனுக்குத்தான் அது கை குடுக்கும். இப்ப இருக்கறது ரீடிங்கும் க்ரிட்டிகல் ரீசனிங்கும் மட்டும்தான். ஒருத்தன் ஒரு வாதம் வைக்கறான், அதுல எது சொல்லாம விட்டிருக்கான், எது சேத்தா வாதம் பலமாகும், எது சொன்னா ஆட்டம் காணும். சாயங்காலம் டீக்கடை பெஞ்சுல வாதம் பண்ணி பழகின ஊருங்க இது, இந்த மூளை நமக்கு இருக்கு. ரீடிங்ல ஒவ்வொரு பத்தி முடிஞ்சதும் எழுதினவன் என்ன சொல்ல வர்றான்னு தமிழ்ல ஒரு வரி மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டு அடுத்ததுக்குப் போங்க, எனக்கு இதான் கை குடுத்தது.

ஸ்கோர் விஷயத்துல வீட்ல ஒரு கொழப்பம் வரும். யாராவது மாமா சித்தப்பா 700 எடுத்தாத்தான் நல்ல காலேஜ்னு சொல்லி வச்சிருப்பாங்க, அது பழைய கணக்கு. இப்ப ஸ்கோர் 205ல இருந்து 805 வரைக்கும், எல்லாமே 5ல முடியும். புதுசுல 645 எடுத்தா பழைய 700க்கு கிட்டத்தட்ட சமம். டெஸ்ட் முடிஞ்ச உடனே மொத்த ஸ்கோரும் செக்ஷன் வாரியாவும் காட்டிடும், அத வச்சு எங்க அடி வாங்குதுனு பாத்துட்டு, அந்த ஒரு செக்ஷனுக்கு மட்டும் வேணும்னா வாத்தியார் தேடுங்க. எல்லாத்துக்கும் சேத்து ஒரே பேக்கேஜா தலைல கட்டறவங்ககிட்ட ஜாக்கிரதை.

குறைன்னு பாத்தா, ஃப்ரீயா ரெண்டே ரெண்டுதான். மறுபடி எழுதலாம், ஆனா பாத்த கேள்வி திரும்ப வரும், ஸ்கோர் ஏறின மாதிரி தெரியும், அத நம்பக்கூடாது. அதனால ஒண்ண ஆரம்பத்துலயே எழுதிடுங்க, இன்னொண்ண பரீட்சைக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி வரைக்கும் தொடவே தொடாதீங்க. அதுக்கு மேல வேணும்னா காசு குடுத்து வாங்கற டெஸ்ட்டும் அங்கயே இருக்கு, கோச்சிங் பீஸ்ல அது ஒரு மூலைக்கு வராது. நெட்டும் கரண்டும் நிக்காம இருக்கணும், நம்ம ஊர்ல மழைக்காலத்துல ரெண்டேகால் மணி நேரம் தொடர்ந்து கரண்ட் இருக்கறது சந்தேகம், லேப்டாப்ப முழுசா சார்ஜ் போட்டுட்டு போன் ஹாட்ஸ்பாட்டையும் ரெடியா வச்சுக்கங்க. போன்ல எழுதறேன்னு ஆரம்பிக்காதீங்க, டேபிளும் க்ராஃபும் கண்ணுக்கே தெரியாது. கோயில் நோம்பி நேரத்துல மைக் செட் சத்தத்துல வீட்ல உக்கார முடியாது, அப்ப வாயனசாலைல, அதாவது நூலகத்துல, கேட்டா ஒரு மூலைல எடம் தருவாங்க.

கேட் (CAT, ஐஐஎம்ல எம்பிஏ சேர எழுதற நுழைவுத் தேர்வு) மட்டும் எழுதப் போறவங்களுக்கு இது சரிப்படாது, அத தெளிவா சொல்லிடறேன். கேட் அடாப்டிவ் இல்ல, செக்ஷனுக்கு 40 நிமிஷம், வரிசைய மாத்த முடியாது, சரின்னா 3 மார்க், ஆப்ஷன் கேள்வில தப்புன்னா 1 போயிடும், கால்குலேட்டர் எல்லா செக்ஷன்லயும் உண்டு, ஜாமெட்ரியும் வரும். அதுக்கு ஐஐஎம் காரங்க கேட் வெப்சைட்லயே பரீட்சை பக்கத்துல வரும்போது ஃப்ரீயா மாக் டெஸ்ட் (மாதிரி பரீட்சை) போடறாங்க, அத எழுதுங்க. 2025ல நடத்தினது நம்ம கோழிக்கோடு ஐஐஎம் தான். வேலை அனுபவம் இருந்து ஹைதராபாத் ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) மாதிரி எடத்துக்கோ வெளிநாட்டுக்கோ போறவங்களுக்குத்தான் ஜிமேட், ஸ்கோர் அஞ்சு வருஷம் செல்லும், கேட் ஸ்கோர் அந்த ஒரு அட்மிஷனோட சரி. ரெண்டுக்கும் சேத்து ஒரே க்ளாஸ்னு யாராவது சொன்னா, ஜிமேட் டேட்டா இன்சைட்ஸ் எத்தனை மணி நேரம் எடுப்பீங்க, கம்ப்யூட்டர்ல எடுப்பீங்களா பேப்பர்லயானு நேராவே கேளுங்க.

என் மார்க் அஞ்சுக்கு நாலரை. மூணாவது ஒண்ணும் ஃப்ரீயா குடுத்திருந்தா அஞ்சும் போட்டிருப்பேன்.