பிளேஸ்டேஷன் 4-ல் லினக்ஸ்: இரண்டரை வருட அனுபவம்

இதை நான் தட்டச்சு செய்துகொண்டிருப்பது சோனியின் விளையாட்டுப் பெட்டியான பிளேஸ்டேஷன் 4-ல், அதுவும் முதல் தலைமுறைப் பெட்டியில். அதில் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் ஓடுகிறது. எழுதும் மென்பொருளான லிப்ரேஆபிஸ் திறந்திருக்கிறது, தட்டச்சுக் கருவியான ஐபஸ் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை. லேப்டாப்பின் மதர்போர்டு போனபோதுதான் அலமாரியில் சும்மா கிடந்த இந்தப் பெட்டியின் ஞாபகம் வந்தது. இரண்டு வாரம் சமாளித்தால் போதும் என்று ஆரம்பித்தேன். இரண்டரை வருடம் ஆகிவிட்டது.

உள்ளே இருப்பது ஏஎம்டி நிறுவனத்தின் 8 கோர் ஜாகுவார் செயலி, 1.6 கிகாஹெர்ட்ஸ், கூடவே 8 ஜிபி ஜிடிடிஆர்5 நினைவகம். செயலி பிசிக்களில் இருக்கும் அதே எக்ஸ்86-64 வகை என்பதால் வழக்கமான லினக்ஸ் மென்பொருள்கள் அப்படியே ஓடும். பிளேஸ்டேஷன் 3-ல் இந்த வசதி இல்லை, அதன் செல் சிப்புக்கு எல்லாமே பவர்பிசி என்ற வேறு வகைச் செயலிக்கான பதிப்பாக வேண்டும். ஆனால் ஜாகுவாரைச் சுற்றியுள்ள மற்றதெல்லாம் பிசி மாதிரி கிடையாது. பிசியில் எப்போதும் இருக்கும் பழைய டைமர்கூட இதில் இல்லை. அதையெல்லாம் தாண்டி, 2015 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற ஹேக்கர் குழு இதில் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. இன்று நான் நிம்மதியாக வேலை பார்ப்பது அவர்களும், பின்னால் வந்தவர்களும் போட்ட உழைப்பில்தான்.

வாங்கிவிட்டு வருந்தாமல் இருக்க ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். லினக்ஸ் இதில் நிரந்தரமாகக் குடியேறாது. பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் வருவது பழைய விளையாட்டுத் திரைதான். என்னுடையதில் ஃபர்ம்வேர், அதாவது பெட்டியின் சொந்த இயக்க மென்பொருள், 9.00 பதிப்பு. தினமும் காலையில் கன்ட்ரோலரை எடுத்து, கன்சோலின் பிரவுசரைத் திறந்து, பெட்டியின் பூட்டைத் திறக்கும் ஓர் இணையப் பக்கத்துக்குப் போய், அது சொல்லும் நேரத்தில் ஒரு பென்டிரைவைச் செருகி, செய்தி வந்ததும் உருவ வேண்டும். அப்புறம் லினக்ஸ் ஏற்றும் நிரலை அனுப்ப வேண்டும். திரை கறுக்கும். சில விநாடி ஒன்றுமே நடக்காது. பிறகு இடது மூலையிலிருந்து வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடத் தொடங்கும். அந்தக் கணத்தில் வரும் சந்தோஷம் இன்றுவரை குறையவில்லை. சில நாள் எழுத்தே வராது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து மறுபடி முதலிலிருந்து. ஸ்லீப் முறையும் என் பெட்டியில் வேலை செய்வதில்லை. அதனால் காலையில் ஏற்றினால் இரவு வரை அணைப்பதில்லை.

ஃபர்ம்வேர் அப்டேட்டைத் தானாக இறங்கவிடாதீர்கள். புதிய பதிப்பு ஏறிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும், பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது.

முதல் ஐந்து மாதம் லினக்ஸை ஒரு பென்டிரைவிலிருந்தே ஓட்டினேன். ஒருநாள் கோப்பைச் சேமிக்கும்போது எல்லாம் உறைந்தது. அப்புறம் அந்தப் பென்டிரைவ் எந்தக் கணினியிலும் தெரியவே இல்லை. ஒரு வார வேலை மொத்தமும் போய்விட்டது. இப்போது யூஎஸ்பி உறையில் போட்ட எஸ்எஸ்டி. பிரவுசர் திறக்கும் நேரம் பாதிக்கும் கீழே வந்தது. முன்பக்கம் இரண்டே யூஎஸ்பி துளைகள்தான், ஆகவே தனி மின்சாரம் உள்ள ஹப் ஒன்று கட்டாயம்.

வேகம்? ஒவ்வொரு கோரும் தனித்தனியாக மெதுவானது. கனமான இணையப் பக்கம் திறக்கும்போது இது நன்றாகத் தெரியும், டேப் பத்தைத் தாண்டினால் இழுக்கும். நிரலைக் கம்பைல் செய்யும்போது (கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும்போது) நிலைமை வேறு: எட்டுக் கோரும் சேர்ந்து உழைக்கும், பழைய லேப்டாப்பைவிடச் சீக்கிரம் முடிகிறது. நினைவகம் முழுவதும் பொது என்பதால் கிராபிக்ஸுக்கு எவ்வளவு என்று ஏற்றும்போதே முடிவு செய்யலாம். எழுத்து வேலைக்கு 1 ஜிபி ஒதுக்கினால் தாராளம்.

மானிட்டர் விஷயத்தில் கவனம் தேவை. கிராபிக்ஸ் சிப்பிலிருந்து வருவது டிஸ்ப்ளேபோர்ட் சமிக்ஞை, அதை இன்னொரு சிப் எச்டிஎம்ஐ-ஆக மாற்றி அனுப்புகிறது. என் முதல் மானிட்டரில் படமே வரவில்லை. இரண்டாவதில் 1080p தவிர வேறு எது வைத்தாலும் இருள்தான். முதலில் வீட்டு டிவியில் போட்டுப் பாருங்கள். ஒலி எச்டிஎம்ஐ வழியாகச் சிக்கலில்லாமல் வருகிறது.

விசிறிச் சத்தம் ஒரு வருடத்தில் தாங்க முடியாத அளவுக்குப் போனது. திறந்து பார்த்தால் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் சாம்பல் நிறத்தில் கம்பளிபோலத் தூசி. தூரிகையால் எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தேன். இரவு நேரத்தில்கூட இப்போது தொந்தரவில்லை. மின்சாரம் மட்டும் லேப்டாப்பைவிட நிறையவே இழுக்கும்.

ஒருமுறை மவுஸ் கெட்டுப்போனது. கன்ட்ரோலரைக் கேபிளில் இணைத்தேன், நடுவில் இருக்கும் டச்பேட் அப்படியே மவுஸாக வேலை செய்தது! அன்று முழுவதும் அதை வைத்தே ஓட்டினேன். அக்கா மகள் பைத்தான் பழகுவதும் இதில்தான். லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்றேன், "இதுவே போதும் மாமா, காலையில் ஏற்றுவது மட்டும் நான்" என்றுவிட்டாள். இப்போது காலையில் செருகும் பென்டிரைவ் அவள் பையில்தான் இருக்கிறது.