கொள்ளைக்காரச் சீமாட்டியா, ரயில் நிலையத்து லாராவா?

பழைய பிரிட்டிஷ் மெலோடிராமா படங்களை எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் 'ப்ரீஃப் என்கவுன்டர்' என்பார்கள். நான் 'தி விக்கெட் லேடி'யைச் சொல்வேன். இரண்டுமே போர் முடிந்த கையோடு 1945இல் வந்த படங்கள். இரண்டிலும் வசதியான வீடு, குறை சொல்ல முடியாத கணவன், அதற்குள் மூச்சு முட்டுகிற மனைவி. அந்த மூச்சு முட்டலை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள் என்பதில்தான் இரண்டும் நேரெதிர்.

'விக்கெட் லேடி' கெயின்ஸ்பரோ ஸ்டுடியோ படம், இயக்கம் லெஸ்லி ஆர்லிஸ். கதை நடப்பது 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். தோழி கரோலினின் கல்யாணத்துக்கென்று வந்த பார்பரா (மார்கரெட் லாக்வுட்) மாப்பிள்ளையையே தட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அப்புறம் கிராமத்து மாளிகை வாழ்க்கை சலித்துப்போய், சூதாட்டத்தில் அம்மாவின் ப்ரூச்சை (உடையில் குத்திக்கொள்ளும் நகை) தோற்று, அதை மீட்க ஆண் வேடத்தில் முகமூடி போட்டு வழிப்பறிக்குக் கிளம்புகிறாள். ருசி கண்ட பூனை நிற்குமா? ஜேம்ஸ் மேசன் நடிக்கிற நிஜக் கொள்ளைக்காரனோடு கூட்டு சேர்கிறாள், கண்டுபிடித்துவிட்ட பக்திமான் வேலைக்காரருக்கு விஷம் வைக்கிறாள், அவர் சாகத் தாமதமானதும் தலையணையை எடுக்கிறாள். அமெரிக்காவில் திரையிட, ஆடைகளின் கழுத்து ரொம்ப இறங்கியிருக்கிறது என்று சில காட்சிகளைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. கொலையெல்லாம் சரி, கழுத்துதான் பிரச்சினை!

விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள், ஆனாலும் 1946இல் பிரிட்டனில் வசூலில் முதலிடம் இதற்குத்தான். ஆறு வருஷம் ரேஷன், குண்டுவீச்சு, தொழிற்சாலை வேலை என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட பெண்களுக்கு, எதையுமே பொறுத்துக்கொள்ளாத ஒருத்தியைத் திரையில் பார்ப்பது எவ்வளவு பெரிய விடுதலை! கடைசியில் தண்டனை வரும், வந்துதானே ஆக வேண்டும், ஆனால் அதற்காக யாரும் டிக்கெட் வாங்கவில்லை.

டேவிட் லீன் இயக்கிய 'ப்ரீஃப் என்கவுன்டர்' படத்தில் லாரா (சீலியா ஜான்சன்) இதில் எதையும் செய்வதில்லை. ரயில் நிலையத்தில் கண்ணில் விழுந்த தூசியை எடுத்துவிடுகிற டாக்டரோடு (ட்ரெவர் ஹவார்ட்) பழக்கம், வியாழக்கிழமைதோறும் சந்திப்பு, குற்ற உணர்ச்சி, பிரிவு. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிரிவுக் காட்சியை லீன் இரண்டு முறை காட்டுகிறார். படத்தின் தொடக்கத்தில் ஒரு வாயாடித் தோழி வந்து அவர்கள் மேஜையில் உட்காருகிறாள், டாக்டர் லாராவின் தோளில் லேசாகக் கை வைத்துவிட்டுப் போகிறார், நமக்கு ஒன்றும் விளங்குவதில்லை. முழுக் கதையும் தெரிந்த பிறகு முடிவில் அதே காட்சி திரும்ப வரும்போது, அந்தத் தோழியின் வாயை யாராவது மூட மாட்டார்களா என்று இருக்கிறது. ஏனென்றால் அந்தக் கை தோளில் பட்ட ஒரு நொடிதான் அவர்களுக்குக் கிடைத்த விடைபெறல். இதைவிட நுணுக்கமாக எடுத்த காதல் காட்சி அந்தக் காலத்து பிரிட்டிஷ் சினிமாவில் எனக்குத் தெரிந்து இல்லை. பின்னணியில் ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினாஃப் வேறு விடாமல் உருக்குகிறார்.

அப்படியென்றால் அதுதானே மேல்? படமாக, ஆமாம். ஆனால் எனக்கு அதில் ஒரு எரிச்சல் உண்டு: காதல் நடுத்தர வர்க்கத்துக்கு, டீ விற்கிற அம்மாவும் நிலையத்தில் டிக்கெட் பரிசோதிக்கிற ஆளும் சிரிப்பு காட்ட மட்டும். 'விக்கெட் லேடி'யில் வசனம் கட்டையாக இருக்கும், நல்லவளான கரோலின் வந்தாலே கொட்டாவி வரும். ஆனாலும் லாக்வுட் குதிரையில் ஏறினால் போதும், மற்றதெல்லாம் மறந்துபோகும்.

அதனால்தான் முதலில் பார்பராவைப் பார்க்கச் சொல்கிறேன். அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு லாரா எதையெல்லாம் அடக்கிக்கொள்கிறாள் என்பது நன்றாகவே உறைக்கும். லாக்வுட்–மேசன் ஜோடி இன்னும் வேண்டுமென்றால் 1943இல் வந்த 'தி மேன் இன் கிரே' இருக்கிறது. அதில் காய்ச்சலில் கிடக்கிற தோழியின் அறை ஜன்னலை லாக்வுட் போய்த் திறந்து வைப்பார், குளிர்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.