ஷட்டிலா, பூப்பந்தா? மறுநாள் காலை இதயம் காட்டும் கணக்கு

நாற்பதைத் தாண்டியும் போட்டிக்கு ஆடுகிறவர்களுக்குத் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இரண்டு வழி உண்டு: ஷட்டில் எனும் இறகுப்பந்து, அல்லது பால் பேட்மிண்டன் எனும் பூப்பந்து. இரண்டையும் ஆடிப் பார்த்துவிட்டு நான் பூப்பந்துக்கு வந்துவிட்டேன். 1856 வாக்கிலேயே தஞ்சை அரச குடும்பத்தார் ஆடிய ஆட்டம் என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் முடிவெடுக்க வைத்தது எச்.ஆர்.வி., அதாவது இதயத் துடிப்பு மாறுபாடு.

ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம் எப்போதும் சற்றே கூடிக் குறையும். ஓய்வில், இதயத் துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி நன்றாக இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் அதிகமாக இருக்கும். ஆடும்போது அது எல்லோருக்கும் சுருங்கும். போட்டி என்றால் பதற்றத்தில் முதல் சர்வீஸுக்கு முன்பே சுருங்கிவிடலாம். அதனால் மறுநாள் காலை எச்.ஆர்.வி. எண் பழைய அளவுக்கு மீண்டிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆள் சேர்ப்பதும் மழையும் தெரிந்த கதை. பூப்பந்துக்குப் பத்துப் பேர் சேர வேண்டும், ஷட்டிலுக்கு இரண்டு பேர் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திடல் சேறானால் ஷட்டில்தான் கதி.

எனக்குப் பெரிதாகப் பட்டது ஆடும் நேரமும் இடமும். ஷட்டில் இறகு காற்றுக்கு ஓடும் என்பதால் அரங்கில் ஜன்னலைச் சாத்தி ஃபேனையும் நிறுத்திவிடுவார்கள். டெல்டாவின் புழுக்கத்தில் முதல் கேம் முடிவதற்குள் பனியன் பிழியும் அளவுக்கு நனைந்துவிடும். கைப்பிடித் துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்குக் கோர்ட் கிடைப்பதும் இரவு எட்டு மணிக்கு மேல்தான். உடல் சூடு தணியாமல், இழந்த நீரும் ஈடாகாமல் படுத்தால் தூக்கத்திலும் துடிப்பு இறங்க நேரமாகும். வழக்கமாக 45 மில்லி விநாடியை ஒட்டி நிற்கும் என் காலை எண், அப்படிப்பட்ட இரவுக்கு அடுத்த நாள் 30 பக்கம் வந்துவிடும்.

பூப்பந்து திறந்த வெளியில் மாலை வெயில் தாழ ஆரம்பித்து, இருட்டும்போது முடிந்துவிடும். ஐந்து பேர் அணியில் ஒவ்வொரு அடியும் நம்மிடம் வருவதில்லை. இடையில் மூச்சு வாங்கலாம். அப்புறம் குளித்து, சாப்பிட்டு, படுக்க மூன்று மணி நேரமாவது கிடைக்கிறது. மறுநாள் எண் பெரும்பாலும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

ஷட்டிலில் நான் ஆடியது அநேகமாக இரட்டையர்தான். ஒற்றையர் ஆடுகிறவர்களுக்கு இதை அப்படியே பொருத்த மாட்டேன். மின்னொளிப் போட்டியில் பூப்பந்தும் நள்ளிரவைத் தொடும், அந்த இரவுகளில் எனக்கும் எண் இறங்கத்தான் செய்கிறது.

நீங்களே பார்க்க நினைத்தால், எழுந்ததும் படுத்தபடியே, காப்பிக்கு முன், துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையில் தினமும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணோடு ஒப்பிட வேண்டாம், உங்கள் வார சராசரியோடு ஒப்பிட்டால் போதும். ஷட்டிலை விட மனமில்லாதவர்கள் அரங்கில் விடிகாலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். படபடப்போ நெஞ்சில் இறுக்கமோ இருந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.