வின்சென்ட் தே பவுல் சபையா, மரியாயின் சேனையா?

"பங்குக் கோயிலில் ஏதாவது செய்யணும், எதில் சேரலாம்?" ஞாயிறு பூசை முடிந்ததும் இப்படிக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டு கத்தோலிக்கத் தொண்டு அமைப்புகளையும்தான்.

வின்சென்ட் தே பவுல் சபையை 1833இல் பாரிசில் தொடங்கியவர்கள் பிரடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் அவருடைய நண்பர்களும். ஏழைகளுக்கு அரிசி, மருந்துச் செலவு, பள்ளிக் கட்டணம் என்று வேலை கண்ணுக்குத் தெரியும். ஆனால் வரிசையில் நிற்கவைத்துக் கொடுப்பது அதன் முறை அல்ல, வீட்டுக்கே போக வேண்டும். கூட்டத்தில் காணிக்கைப் பை சுற்றி வரும்போது மூடிய கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் அது.

மரியாயின் சேனை 1921இல் டப்ளினில் பிறந்தது. தொடங்கிய பிராங்க் டஃப் அதற்கு முன் வின்சென்ட் சபையில் இருந்தவர்! இங்கேயும் இருவர் இருவராக வீடு சந்திப்பு உண்டு, ஆனால் பொருளுதவி கூடாது என்பது விதி. வாரக் கூட்டம், செபமாலை, அப்புறம் ஒப்படைத்த வேலை: படுத்த படுக்கையாக இருப்பவர் பக்கத்தில் உட்கார்வது, கோயிலை விட்டு விலகியவரைப் பார்த்துவருவது. வெறுங்கையோடு போவது லேசு இல்லை. கொடுக்க ஒன்றும் இல்லாதபோது உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும்.

தனியாக வாழும் முதியவர்கள் நிறைந்த பங்கு என்றால் சேனையைத்தான் முதலில் சொல்வேன். வெளியே போக முடியாதவர்கள் துணை உறுப்பினராகி வீட்டிலிருந்தே செபிக்கலாம்.