பின்சக்கரச் சத்தமும் செயினும்: நெல்லைச் சாலைகளில் நெடுநாள் ஓட்டிய அனுபவம்

பைக்கின் பின்சக்கரத்தில் என்ன சத்தம் வந்தாலும் செயினை இறுக்கிவிட்டு அனுப்புவது நம்ம பக்கம் நிறைய பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. அது எவ்வளவு கெடுதல் என்று வண்டி வைத்திருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னுடையது 150 சிசி வண்டி, மூடி இல்லாத திறந்த செயின், பின்னால் டிரம் பிரேக். வீடு பாளையங்கோட்டையில். வேலைக்காக ஒரு நாள் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் என்று போவேன், இன்னொரு நாள் நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளை, உவரி வரைக்கும். 50,000 கிலோமீட்டர் தாண்டியாச்சு, இப்போது ஓடுவது மூன்றாவது செயின் செட்.

முதலில் சத்தத்தைப் பிரிக்கத் தெரிய வேண்டும். ஆளில்லாத நேரான சாலையில் ஓரளவு வேகம் எடுத்து, கிளட்சைப் பிடித்து வண்டியைச் சும்மா உருள விடுங்கள். இழுப்பு போனதும் சத்தம் குறைந்தால் செயின், அது ஓடும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட் பக்கம் பார்க்கலாம். இழுப்பே இல்லாமல் உருளும்போதும் அதே உறுமல் தொடர்ந்து, வேகம் குறையக் குறைய அதுவும் இறங்கினால் சக்கரத்துக்குள் இருக்கும் குண்டுப் பேரிங்கையோ டயரையோ சந்தேகப்படுங்கள். ஆக்சிலேட்டரைத் திருகும்போதும் விடும்போதும் "டொக்" என்று ஓர் உதை வந்தால் அது பெரும்பாலும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இருக்கும் ரப்பர். எஞ்சினின் இழுப்பு நேராகச் சக்கரத்தில் அடிக்காமல் தாங்கிக்கொள்வது அந்த ரப்பர் துண்டுகள்தான். டயரை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், அது மட்டும் தாராளமாக ஆடினால் ரப்பர் முடிந்தது. டியூபை வெட்டிச் சந்தில் சொருகித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். வீடு வந்து சேர அது போதும், அதற்கு மேல் நம்பாதீர்கள், புது ரப்பர் ஒன்றும் பெரிய விலை இல்லை.

அடுத்து சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டியது. டயரின் மேல்பக்கத்தை ஒரு கையாலும் கீழ்ப்பக்கத்தை இன்னொரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டமே இருக்கக் கூடாது. ஆட்டம் இருந்தால் உடனே பேரிங் என்று முடிவு கட்டாதீர்கள். ஒருவரைச் சக்கரத்தை அசைக்கச் சொல்லிவிட்டு, பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்ம் மேல் கை வைத்துப் பாருங்கள், அதுவும் சேர்ந்து ஆடினால் தேய்ந்தது அது சேசிஸோடு சேரும் இடத்தில் இருக்கும் புஷ். இதைப் பார்க்காமல் பேரிங் மாற்றி, காசும் போய் ஆட்டமும் போகாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். ரிம் கோட்டம் பார்ப்பது சுலபம்: ஒரு பேனாவை ஸ்விங் ஆர்மில் ஊன்றி, முனையை ரிம்முக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், இடைவெளி சுமார் 2 மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் கோட்டம் எடுக்க வேண்டும். ஸ்போக் வீல் என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள், இறுக்கமான கம்பி கணீர் என்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். கொஞ்ச தூரம் ஓடியதும் டிரம் தொட முடியாத அளவு கொதிக்கிறதா? பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம், மைலேஜ் குறைவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

பேரிங் விஷயத்தை எனக்குப் புரியவைத்தது 2023 டிசம்பர் வெள்ளம். வண்ணாரப்பேட்டையில் நிறுத்தியிருந்த வண்டி ஆக்சிலுக்கு, அதாவது சக்கரத்தின் நடு அச்சுக்கு மேல் தண்ணீரில் நின்றது. ஆயில் மாற்றி, ஏர் ஃபில்டர் மாற்றி ஓட்டினேன், நன்றாகத்தான் ஓடியது. சில மாதம் கழித்துப் பின்னால் மெல்ல ஓர் உறுமல். காட்டிய பட்டறையில் செயினை இறுக்கினார்கள். உறுமல் கூடியது, மறுபடியும் இறுக்கினார்கள். கடைசியில் மேலப்பாளையத்தில் ஒரு அண்ணாச்சியிடம் போனேன். அவர் செயினைத் தொடவே இல்லை. சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு ஸ்விங் ஆர்மில் இன்னொரு கையை வைத்தார். "இங்க கைய வச்சுப் பாரும், நறநறன்னு தெரியுதா? செயினு என்னவே பண்ணும், பேரிங்குலா போயிருக்கு" என்றார். கழற்றினால் உள்ளே கிரீஸே இல்லை, துருத் தண்ணீர்தான் இருந்தது. தண்ணீர் பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் துரு தன் வேலையை மெதுவாகத்தான் செய்யும், அதனால்தான் வெள்ளம் வடிந்து மாதக்கணக்கில் ஆன பிறகு சத்தம் வந்திருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சத்தத்துக்குக் காத்திராமல் இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். மாற்றும்போது இரண்டு பக்கப் பேரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஸ்ப்ராக்கெட் மாட்டியிருக்கும் ஹப்பில் தனியாகப் பேரிங் இருந்தால் அதையும். புதுப் பேரிங்கை உள்ளே அடிக்கும்போது வெளி வளையத்தில்தான் அடி விழ வேண்டும், உள் வளையத்தில் அடித்தால் குண்டுகள் பதிந்து புதுசிலேயே கெடும். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் வரும் ஸ்பேசர் குழாயை மறந்து மாட்டினாலும் ஆக்சிலை இறுக்கும்போது பேரிங் நசுங்கிப்போகும். பக்கத்தில் நின்று பாருங்கள், நல்ல மெக்கானிக் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இப்போது செயின். கீழ்ப்பக்கச் செயினை நடுவில் மேலும் கீழும் அசைத்தால் ஆடும் தூரம்தான் தொய்வு, அது எவ்வளவு வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். நம்ம ஊரில் ஓடும் சாதாரண வண்டிகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 35 மில்லிமீட்டருக்குள் வரும், உங்கள் வண்டிக்கு உரிய அளவு கையேட்டிலோ ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரிலோ இருக்கும், எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளக்க வேண்டும் என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தொய்வு ஏன் வேண்டும் என்று புரிந்துகொண்டால் யாரையும் விறைப்பாக இறுக்க விட மாட்டீர்கள். ஆள் ஏறி உட்கார்ந்து பின்பக்கம் இறங்கும்போது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையிலான தூரம் கூடும், செயின் தானாகவே இறுகும். வீட்டுக்காரியையும் பிள்ளையையும் ஏற்றி, முன்னால் ஒரு அரிசிப் பையையும் வைத்துக்கொண்டு குழியில் இறங்கும்போது தொய்வு இல்லாத செயின் என்ன செய்யும்? கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டையும் வீல் பேரிங்கையும்தான் இழுக்கும். நல்ல பேரிங்கே இதில் போய்விடும்.

அளவை ஓர் இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், செயின் ஒரே சீராக நீள்வதில்லை. எங்கே அதிகம் இறுகி இருக்கிறதோ அந்த இடத்தில் வைத்துத்தான் தொய்வைச் சரிசெய்ய வேண்டும். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் சம அளவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகளை மட்டும் நம்பாமல், பின்னால் குனிந்து செயின் நேராக ஓடுகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ஸ்ப்ராக்கெட் பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் சக்கரம் கோணலாக நிற்கிறது. ஆக்சிலை இறுக்கிய பிறகு தொய்வை இன்னொரு முறை அளக்க வேண்டும், இறுக்கும்போதே அது மாறிவிடும்.

சுத்தம் செய்வதில் நம்ம ஊருக்கு என்று தனிக் கணக்கு உண்டு. திசையன்விளைப் பக்கம் தேரி மணல், அதாவது செம்மணல், ஆடிக் காற்றில் ரோட்டுக்கே வந்துவிடும். செயினில் கிரீஸ் அப்பி வைத்திருந்தால் அந்த மணல் அதில் ஒட்டி, அம்மியில் வைத்து அரைத்த மாதிரி ரோலரை அரைக்கும். எஞ்சினில் இருந்து எடுத்த கரி ஆயிலும் வேண்டாம், அதில் ஏற்கெனவே இரும்புத் துகள் இருக்கிறது. உவரிக் கடற்கரை போய் வந்தால் உப்புக்காற்றில் செயின் வெளியே சீக்கிரமே செம்மை தட்டும், அன்றைக்கே துடைத்து எண்ணெய் விடுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போக அறுவடைக் காலத்தில் ரோட்டில் வைக்கோல் கிடக்கும், அது ஹப் ஓரமாக ஆக்சிலைச் சுற்றி இறுகிக்கொண்டு சீலைத் தின்னும். அந்த மாதங்களில் வாரம் ஒரு தடவையாவது குனிந்து பார்த்து உருவி எடுப்பேன்.

மற்றபடி 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் அதற்கும் முன்பே: மண்ணெண்ணெய் தொட்ட துணி, மெத்தென்ற பிரஷ், துடைத்துக் காய்ந்ததும் 90 கியர் ஆயில் அல்லது செயின் ஸ்ப்ரே. ஓ ரிங் உள்ள செயின் என்றால் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் கூடாது, உள்ளே கிரீஸை அடைத்து வைத்திருக்கும் ரப்பர் வளையம் கெட்டால் செயினின் ஆயுசே அதோடு முடிந்தது. ஓடி வந்த சூட்டில், கீழ்ப்பக்கச் செயினின் உள்புறம் எண்ணெய் விட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுகிறேன். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டுக்கொண்டு துணி பிடிக்கிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது, துணி சிக்கினால் விரல் போய்விடும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

எப்போது மாற்றுவது? பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் காலம் முடிந்தது, பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தாலும் அப்படித்தான். செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புதுச் செயினைத் தின்றுவிடும், அதனால் முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றும் செட்டாகவே வாங்குங்கள். நான் இப்போது போட்டிருப்பது ரோலான், கோயம்புத்தூர் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத் தயாரிப்பு, இதுவரை குறை இல்லை. இரு முனையையும் இணைக்க லாக் கிளிப் வைத்த செயின் என்றால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும், திருப்பி மாட்டினால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

செயினை இறுக்க வேண்டி வந்து சக்கரம் பின்னுக்கு நகர்ந்தால் டிரம் பிரேக் ராடும் சேர்ந்து இறுகும். ஆகவே கிளம்பும் முன் பெடலை அழுத்தி, சும்மா இறங்கும் தூரம் சரியாக இருக்கிறதா, விட்டதும் சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா, பிரேக் லைட் நேரத்துக்கு எரிந்து அணைகிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.