கேட்-கேம் கோர்ஸுக்குப் பணம் கட்டப்போகிறீர்களா? மெஷின் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்

கம்ப்யூட்டரில் டிராயிங் போடுவது கேட் (CAD), அதை மெஷின் வெட்டுவதற்கான புரோகிராமாக மாற்றுவது கேம் (CAM). சுழலும் கத்தியால் இரும்பை வெட்டும் மில்லிங் மெஷினுக்குக் கேம் சாப்ட்வேர் சொல்லித்தருகிறோம், முடித்த கையோடு திருச்சி துவாக்குடியில் வேலை என்று டெல்டா முழுக்க பஸ் ஸ்டாண்டு சுவர்களில் நோட்டீஸ் தொங்குகிறது. அப்படி ஓர் இடத்தில் என் அக்கா மகனுக்கு ரூ.32,000 போனது. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த காசு. சென்டர் பேரைப் போடவில்லை. போட்டால் போர்டை மாற்றிக்கொண்டு அடுத்த தெருவில் திறப்பார்கள், அவ்வளவுதான். ஏமாற்றுகிற விதம் தெரிந்துவிட்டால் எந்தப் போர்டு மாட்டியிருந்தாலும் கண்டுபிடிக்கலாம்.

நான் வைத்திருப்பது சின்னப் பட்டறை. ரைஸ்மில், அறுவடை மெஷின் உதிரி வேலைகள். ஃபானக் கம்பெனி கன்ட்ரோலில் ஓடும் பழைய வி.எம்.சி., அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மில்லிங் மெஷின், ஒன்று இருக்கிறது. சர்ட்டிபிகேட்டோடு வந்த அக்கா மகனிடம் நான் கஷ்டமான வேலை எதையும் கொடுக்கவில்லை. பேரிங் பெடஸ்டலுக்கு அடியில் வரும் பேஸ் பிளேட், 25 மி.மீ. கனம். நாலு சைடும் நேராக, மூலைமட்டத்துக்கு வர வேண்டும். நீளம் 150 மி.மீ., கூடவே கூடாது, குறைந்தால் 0.05 வரை பரவாயில்லை. சாதா மில்லிங்கில் கைப்பிடியைச் சுற்றியே எங்கள் ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்த வேலை இது.

லேப்டாப்பில் மளமளவென்று டூல்பாத், அதாவது கத்தி போகும் பாதை, போட்டான். மெஷினில் ஓடவிட்டதும் எனக்கு உறுத்தியது, கத்தி காற்றில் போகும்போதும் ஊர்ந்தே போனதுதான். வெட்டாமல் வேகமாக நகரச் சொல்லும் ஜி0 வர வேண்டிய இடத்திலெல்லாம், வெட்டும் வேகத்தில் நகரச் சொல்லும் ஜி1. புரோகிராமை மேலே தள்ளிப் பார்த்தால், ஃப்யூஷன் என்ற சாப்ட்வேரின் தனிநபர் உபயோக உரிமத்தில் ரேபிட் (வெட்டாத வேக) நகர்வின் வேகம் வெட்டும் வேகத்துக்குக் குறைக்கப்படும் என்று அந்தச் சாப்ட்வேரே குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் அந்த உரிமத்தை இலவசமாகவே தருகிறது. வீட்டில் பழகுகிறவர்களுக்கானது, 2020 அக்டோபரிலிருந்து அதில் ரேபிட் வேகமும் தானாக டூல் மாற்றுவதும் கிடையாது, பட்டறைக் கூலி வேலைக்கும் ஆகாது. பழகுவதற்கு அருமையான சாமான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சென்டர்காரர் கொடுத்த ரசீதில் ‘சாப்ட்வேர் லைசன்ஸ் ரூ.6,000’ என்று தனி வரி போட்டிருந்தது.

சரி, பிளேட்டுக்கு வருவோம். வெட்டி எடுத்து மூலைமட்டத்தை வைத்தால் அடியில் வெளிச்சம் வரவில்லை, மேலே வருகிறது. மைக்ரோமீட்டரில் மேல் ஓரம் 150.06, அடி ஓரம் 150.18. கத்தி இறங்கிய இடத்தில் நகத்தால் தடவினாலே தட்டுப்படுகிற ஒரு கோடு வேறு.

“ஸ்கிரீன்ல கரெக்டாத்தான் மாமா ஓடுச்சு” என்றான். ஓடும். சிமுலேஷனில் கத்தி வளையாதே. இவன் 10 மி.மீ. எண்ட்மில் கத்தியை 50 மி.மீ. வெளியே நீட்டிப் பிடித்து, 25 கனத்தையும் ஒரே பாஸில் இழுத்திருக்கிறான். நீட்டம் இரண்டு பங்கானால் அதே பளுவுக்கு வளைவு எட்டு பங்காகும். நுனிதான் அதிகம் விலகும், அதனால் அடியில் மெட்டல் நிற்கும். 0.3 மி.மீ. விட்டு முதலில் ரஃப்பாக வெட்டி எடுத்து, கத்தியைக் குட்டையாகப் பிடித்து ஃபினிஷ் பாஸ் விட்டால் முக்கால்வாசி தொல்லை தீர்ந்தது. இதை ஒரு நாள்கூட அங்கே யாரும் சொல்லவில்லையாம். கத்தியை வெட்டவேண்டிய சைடின் மேலேயே இறக்கக் கூடாது, வெளியே இறக்கி, நேர்கோட்டில் வந்து, வளைவாக ஒட்டி உள்ளே நுழைய வேண்டும் என்பதும் தெரியாது.

அளவு கூடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். டிராயிங்கில் 150-ஐ 149.9 என்று மாற்றிவிட்டு மறுபடி போஸ்ட், அதாவது மெஷினுக்கான புரோகிராம், எடுப்பானாம்! இதைத்தான் பாடமாகவே நடத்தியிருக்கிறார்கள். கத்தியின் ஆரத்துக்கு ஒதுங்கிப் போகச் சொல்லும் ஜி41 போட்டு, அந்த ஆரத்தை மெஷினில் பதியும் டி ஆஃப்செட்டில் அளவைத் திருத்துவது என்பது மெஷின் முன்னால் நிற்கிறவனுக்கு ஆனா ஆவன்னா. எதிரெதிர் இரண்டு சைடும் வெட்டி 0.06 கூட வந்தால் ஆரத்தில் 0.03 குறைக்க வேண்டும், புரோகிராமைத் தொடவே வேண்டாம். இதில் ஆபத்தும் உண்டு. சாப்ட்வேரில் ‘கன்ட்ரோல்’ என்று வைத்தால் ஆரத்துக்கு ஒதுங்குவது முழுக்க மெஷின் வேலை, டி-யில் கத்தியின் முழு ஆரம் இருக்க வேண்டும். ‘வேர்’ (wear, தேய்மானம்) என்று வைத்தால் ஆரத்தைச் சாப்ட்வேரே கணக்கில் எடுத்துவிடும், டி பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். கன்ட்ரோல் வைத்துவிட்டு டி-யில் பூஜ்யம் போட்டால் 10 மி.மீ. கத்தி 5 மி.மீ. உள்ளே தின்றுவிடும். ஜாப் ஸ்கிராப். இன்னொன்று, ஜி41-ஐ வளைவு நகர்வில் ஆரம்பித்தால் ஃபானக் 34-ஆம் அலாரம் அடித்து நின்றுவிடும். ஒரு முறை அந்த அலாரத்தைப் பார்த்தவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். இவன் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அங்கே மெஷின் ஓடியதே இல்லை. கண்ணாடி ரூமில் ஒரு வி.எம்.சி. நிற்கிறது, மாலை போட்டு, விபூதி குங்குமத்தோடு. “சர்வோ ரிப்பேர், அடுத்த வாரம் இன்ஜினியர் வருகிறார்” என்று சொல்லியே பேட்சை முடித்துவிட்டார்கள். ஜாப்பைப் பிடிக்கும் வைஸின் ஃபிக்ஸ்டு ஜாவை (அசையாத தாடையை) டயல் கேஜ் வைத்து நேராக்குவது எப்படி என்று கேட்டால் பிள்ளை முழிக்கிறான். அதெல்லாம் எந்தச் சாப்ட்வேரும் பார்த்துக்கொள்ளாது.

சுவரில் ஃபிரேம் போட்டு ‘மத்திய அரசு பதிவு பெற்றது’ என்று மாட்டியிருந்தார்கள். என்னவென்று பார்த்தால் சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்று. பெட்டிக்கடைக்காரரும் ஆதாரை வைத்து ஆன்லைனில் இலவசமாக எடுக்கலாம். பாடம் நடத்தத் தகுதி இருக்கிறது என்று அது சொல்லவே சொல்லாது.

கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு வாங்கியிருக்கிறார்கள், ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை. அந்த எண் 15 இலக்கம், தமிழ்நாடு என்றால் 33-இல் ஆரம்பிக்கும், ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பார்த்தால் யார் பேரில் இருக்கிறது என்று வந்துவிடும். பதிவே இல்லாதவர் வரி என்று ஒரு ரூபாய் வசூலிக்க முடியாது. நேரில் போய்க் கேட்டபோது ஓனர், “சார், அடுத்த பேட்சில் தம்பியை இலவசமாக உட்கார வைக்கிறோம்” என்றார். அதே அணைந்த மெஷின் முன்னால்தானே? ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்டதும்தான் குரல் இறங்கியது. வரிப் பணமும் சாப்ட்வேர் பணமும் திரும்ப வந்துவிட்டது. மீதிக்கு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறோம். சரிப்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

எங்கேதான் படிப்பது என்று கேட்பவர்களுக்கு: தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து தொழில் 4.0 (நவீன மெஷின் பயிற்சி) மையங்கள் அமைத்திருக்கிறது. பக்கத்து ஐ.டி.ஐ.யில் முதலில் விசாரியுங்கள். தனியார்தான் என்றால் பணம் கட்டுமுன் ஒரு துண்டு இரும்பைக் கையோடு கொண்டுபோய், “இதில் ஒரு சைடு வெட்டிக் காட்டுங்கள், அளந்து பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள். சாக்குச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதே மாதிரி மாட்டியவர்கள் யாராவது இருந்தால் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய ‘நூறு சதவீதம் வேலை’ விளம்பரத்தையும் அழிக்காதீர்கள். மனு போடும்போது இரண்டும் வேண்டும்.