ஜி90-ஆ, ஜி91-ஆ?

சி.என்.சி. மில்லிங்கில் (கணினி நிரல்படி நகரும் கருவியால் பொருளை வெட்டுவது) ஜி90 என்ற கட்டளையைப் போட்டால் எல்லா அளவும் ஒரே பூஜ்யப் புள்ளியிலிருந்து எண்ணப்படும். ஜி91 போட்டால் வெட்டுக்கருவி அப்போது நிற்கும் இடத்திலிருந்து. எக்ஸ் அச்சில் 10, 25, 45 மி.மீ. தொலைவில் மூன்று துளைகள் வேண்டுமென்றால் முதல் முறையில் வரைபடத்தின் எண்களையே எழுதலாம். இரண்டாவதில் 10, 15, 20 என்று கழித்து எழுத வேண்டும். அங்கே 15க்குப் பதில் 16 என்று தட்டிவிட்டால், அந்தத் துளையும் பின்னால் வருபவை அனைத்தும் 1 மி.மீ. தள்ளிப்போகும். ஜி90-இல் கெடுவது ஒரு துளை மட்டுமே. பாதியில் நிறுத்திய நிரலைத் தொடர்வதும் அதில்தான் எளிது.

எனவே என் ஓட்டு ஜி90-க்கே. ஒரே துளை அமைப்பைப் பல இடங்களில் திரும்பப் போடும் துணை நிரலுக்கு ஜி91 அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டுமே மாற்றும்வரை நீடிக்கும் கட்டளைகள். ஜி90-க்குத் திரும்ப மறந்தால், அடுத்து வரும் எக்ஸ்100 '100-க்குப் போ' என்றிராமல் 'இன்னும் 100 நகர்' என்றாகிவிடும். கருவி எதிலாவது மோத அது போதும்.

ஃபேனக் வகைக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள லேத்துகள் (கடைசல் இயந்திரங்கள்) பலவற்றில் இந்தத் தொல்லை இல்லை. எக்ஸ், இசட் என்ற எழுத்துகளோடு தரும் அளவு பூஜ்யத்திலிருந்து. அதே அச்சுகளுக்கு யூ, டபிள்யூ என்று தந்தால் கருவி நிற்கும் இடத்திலிருந்து. ஒரே வரியில் கலந்தும் எழுதலாம். (அவற்றில் ஜி90 என்பது கடைசல் சுழற்சிக்கான (ஒரு கடைசல் வெட்டின் நகர்வுகளை ஒரே வரியில் செய்விக்கும்) கட்டளை, மில்லிங் பழக்கத்தில் போட்டுவிடக் கூடாது.)